செங்கமலம் சாப்பிடுவதில்லை

நான் வாய்க்காரி. சிந்தாமணி என்றால் வாய்க்காரி என்று பிறந்த ஊரான ஜெயங்கொண்டத்திலேயே எனக்குப் பெயர் உண்டு. விக்கிரமங்கலத்துக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அது குறையவில்லை. ஆனால் ஒரே ஒரு பேச்சுக்கு மட்டும் நான் நடுங்குவேன். மூத்தாள் பெண்ணுக்குச் சோறு போடாத சித்தி என்று என்னை யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே செங்கமலத்தின் வட்டிலில் மற்றவர்களுக்கு வைப்பதைவிட ஒரு கரண்டி கூடுதலாக வைப்பேன். அதையும் நாலு பேர் பார்க்கிற மாதிரி வைப்பேன். வைத்ததைப் பார்த்தேனே தவிர, அவள் தின்றாளா என்று பார்க்கவில்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்தது. எங்களுக்கு நிலம் இருந்ததால் பட்டினி இல்லை, குதிரில் நெல்லும் கம்பும் இருந்தன. செங்கமலத்துக்குப் பதினாலு வயது. அவளைப் பெற்றவளை நான் அக்கா என்றுதான் சொல்வேன், முகம்கூடப் பார்த்ததில்லை. செங்கமலத்துக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவள் அடுத்த பிரசவத்தில் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். மறு வருஷம் நான் இந்த வீட்டுக்கு வந்தேன். நாலு வருஷம் கழித்து, அந்தத் தை மாதத்தில்தான் எனக்கு வயிற்றில் தங்கியிருப்பது தெரிந்தது. அதே தையில் என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம், உடையார்பாளையத்தில் ஒரு நல்ல குடும்பத்தில் செங்கமலத்தைக் கொடுப்பதாகப் பேசிப் பரிசமும் வாங்கிவிட்டார். ஆனியில் கல்யாணம்.

அவள் மாறியதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். பார்த்து மெச்சிக்கொண்டேன், அதுதான் என் லட்சணம்.

விடிவதற்கு முன்பே எழுந்து விடுவாள். தொட்டி நிறைந்த பிறகும் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருப்பாள். "சித்தி, நீங்க குனியாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று என் கையிலிருந்து உலக்கையைப் பிடுங்கிக்கொள்வாள். அடுப்படியை முழுக்கத் தன் வசம் எடுத்துக்கொண்டாள். புளிக்குழம்பு வைத்தால் தெரு மணக்கும். எல்லோருக்கும் பரிமாறுவாள், இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்று அப்பாவையும் என்னையும் வற்புறுத்துவாள். அவளைக் கேட்டால், "ருசி பாத்துப் பாத்தே வயிறு ரொம்பிப் போச்சு" என்பாள். ரேஷன் காலத்தில் இப்படிச் சொல்கிற பெண்ணை யார் குறை சொல்வார்கள்? தெருவில் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். சிந்தாமணி வந்து பெண்ணை எப்படி வளர்த்துவிட்டாள் பார் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வைகாசி வெயிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு திரிந்தாள். கல்யாணப் பெண், வெட்கப்படுகிறாள் என்று சிரித்தேன். தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. வயசு, சூடு என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போதுகூட அவள் முதுகைக் காட்டியதில்லை. "தலைக்கு மட்டும் போதும் சித்தி" என்று விலகிவிடுவாள். அவர் மட்டும் ஒருநாள், "புள்ள மொகம் ஏன் இப்படிச் சுருங்கிக் கெடக்கு?" என்று கேட்டார். கண் பட்டிருக்கும் என்று நான் சொல்ல, கல்யாணம் நல்லபடி முடிந்தால் சிறுவாச்சூர் காளிக்கு வந்து பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். அதோடு இருவருக்கும் மனசு ஆறிப்போயிற்று.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் பெண்கள் உள்ளே வரக் கூடாது. கொல்லையில் மாட்டுக் கொட்டகையை ஒட்டி ஒரு சாய்ப்பு இருக்கும், அங்கேதான் உட்கார வேண்டும். தனி வட்டில், தனிச் செம்பு, தனிப் பாய். சோற்றை எட்ட நின்று போடுவோம், யாரும் கிட்டப் போவதில்லை, வட்டிலை அவளே கழுவிக் கவிழ்ப்பாள். செங்கமலம் அதில் என்னைவிடக் கெட்டியாக இருந்தாள். மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாள் உட்கார்ந்தாள். போன இரண்டு மாதமும் மாதத்துக்கு இரண்டு தடவை போய் உட்கார்ந்தாள். நான் அதையும் ஆசாரம் என்று எண்ணினேன்.

துணி வெளுக்கிற ஆண்டாயிதான் என் கண்ணைத் திறந்தாள். அந்த நாட்களுக்கு மாற்றுச் சேலை கொண்டுவந்து கொடுப்பதும், தீட்டுத் துணியை எடுத்துப் போவதும் அவள் வேலை. வைகாசி நடுவில் ஒரு காலை, மூட்டையைத் தூக்கியவள் போகாமல் நின்றாள். சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"ஆயி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு, என்ன இழுக்கறே?"

"சின்னாயி துணி மாசியிலேருந்து வருது, போவுது. துணியில ஒண்ணும் இல்லீங்க. போட்டது போட்டபடி சுத்தமா இருக்கு."

சின்னாயி என்றது செங்கமலத்தை. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடிவயிற்றில் பிள்ளை இருந்த இடம் கல்லாகிவிட்டது. மாசி, பங்குனி, சித்திரை. மூன்று மாதம் நின்றுபோயிருக்கிறது. நின்றதை மறைக்க அந்தப் பெண் சாய்ப்பில் போய் உட்கார்ந்து நாடகம் ஆடியிருக்கிறாள். பரிசம் வாங்கிய பெண் அப்படி எதற்காக மறைப்பாள்? ஆண்டாயியும் அதைத்தான் நினைத்தாள், வாயால் சொல்லவில்லை. "யாருகிட்டயும் மூச்சு வுட மாட்டேன் ஆயி, எம் புள்ளைங்க மேல சத்தியம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று காலை நான் பட்ட பயத்தை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்தால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றில் விழுந்துவிட்டாள் என்று காலையில் சேதி வரும். யாரும் ஏன் எப்படி என்று கேட்க மாட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் மானம் என்று வந்துவிட்டால் அவர் கை எதை எடுக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. யாராக இருக்கும் என்று வீட்டுக்கு வந்துபோகிற ஆண்களை எல்லாம் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். ஒரு பாவமும் அறியாதவர்களை மனசுக்குள்ளேயே தூக்கில் போட்டேன்.

உச்சி வெயிலில் அவர் கழனிக்குப் போனதும் கொல்லைக்குப் போனேன். செங்கமலம் அன்றும் சாய்ப்பில்தான் உட்கார்ந்திருந்தாள். நான் போட்டுவிட்டு வந்த சோறு அவள் மடியில் இல்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த பசுவின் வாயில் இருந்தது. அவள் சோற்றை உருண்டை உருண்டையாகப் பிடித்துப் பசுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் வட்டிலை வழித்து அதன் நாக்கில் தடவினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் கண் இருட்டிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"கிட்ட வராதீங்க சித்தி, தீட்டு! நீங்க முழுகணும்!"

"ஒன் தீட்டைத் தூக்கிக் குப்பையில போடு" என்று சொல்லிக்கொண்டே சாய்ப்புக்குள் நுழைந்தேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். போர்வையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் வயிற்றில் கை வைத்தேன்.

வயிறே இல்லை. இடுப்பு எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் பள்ளமாக இருந்தது. ஒரு கணம் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அடுத்த கணம் என் கை அவள் விலாவுக்குப் போயிற்று. எலும்புகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். முதுகிலும் கையிலும் பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல மெல்லிய ரோமம் முளைத்திருந்தது. நகம் நீலம் பாரித்திருந்தது. அந்த வெயிலில், அந்தக் கொட்டகைப் புழுக்கத்தில், அவள் உடம்பு கிணற்றுத் தண்ணீராகக் குளிர்ந்திருந்தது. அப்போது பிடித்த பயம் காலையில் பிடித்ததைவிடப் பெரியது. காலையில் ஊருக்குப் பயந்தேன். இப்போது என் கைக்குள் ஒரு குழந்தை செத்துக்கொண்டிருந்தது.

"என்னடி பண்ணிக்கிட்டே? ஏன்டி சாப்பிடலே? நான் என்னடி கொறை வச்சேன்?"

வட்டிலைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு குனிந்தபடியே சொன்னாள்.

"நீங்க ஒண்ணும் கொறை வைக்கலே சித்தி. சாப்பிட்டா ஒடம்பு வளருது. வளந்தா அது மாசாமாசம் வருது. அது வந்தா கல்யாணம். கல்யாணம் ஆனா..." என் வயிற்றைப் பார்த்தாள். "எங்கம்மா கத்துனப்ப நான் கதவுக்கு வெளியில நின்னுட்டிருந்தேன். ரெண்டு நாள் நின்னேன். யாரும் என்னை அங்கேருந்து கூட்டிட்டுப் போவலே."

நான் கீழே கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டேன்.

"மொதல்ல ராத்திரிச் சோத்தை வுட்டேன். அப்பறம் காலையில. ரொம்பப் பசிச்சுது. இப்பல்லாம் பசிக்கறதே இல்லே. மாசியில நின்னுடுச்சு சித்தி." தலை நிமிர்ந்தாள். கண்ணில் ஒரு பளபளப்பு. "நானேதான் நிறுத்தினேன்."

அந்தப் பெருமையைக் கண்டுதான் எனக்கு ரத்தம் உறைந்தது. அழுதிருந்தால் அணைத்துக்கொண்டிருப்பேன். அடம்பிடித்திருந்தால் நாலு சாத்து சாத்தியிருப்பேன். ஜெயித்துவிட்ட முகத்தோடு நிற்கிறவளை என்ன செய்வது?

மறுநாள் விடிந்ததும் வண்டி கட்டச் சொன்னேன். எனக்கு இடுப்பு வலிக்கிறது, அரியலூரில் டாக்டரிடம் காட்ட வேண்டும், துணைக்குச் செங்கமலம் வருகிறாள் என்று அவரிடம் புளுகினேன். வழியெல்லாம் அவள் வண்டிக்குள் நிமிர்ந்து உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டே வந்தாள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. வண்டி ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் அவள் உயிர் உதிர்ந்துவிடுமோ என்று நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

டாக்டர் வேணுகோபால் கடைத்தெரு ஓரத்தில் சின்ன இடத்தில் வைத்தியம் பார்த்தார். நாடியைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார், முகம் மாறியது, திரும்பவும் முதலிலிருந்து எண்ணினார். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, பேதி உண்டா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் இல்லை. அவளைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்" என்று சிரித்தாள். நான் சாய்ப்பில் பார்த்ததையும் அவள் சொன்னதையும் ஒன்று விடாமல் கொட்டினேன்.

அவளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார்.

"டி.பி. இல்லேம்மா. வயித்திலயும் கோளாறு இல்லே. இப்படி ஒரு வியாதி உண்டுன்னு புஸ்தகத்தில படிச்சிருக்கேன், இந்தப் பக்கத்தில இப்பத்தான் பாக்கறேன். நாடி நாப்பத்தஞ்சுதான் அடிக்குது. இப்படியே வுட்டா ஒருநாள் தண்ணி எறைக்கறப்பவே நெஞ்சு நின்னுடும்."

"புடிச்சுவச்சு ஊட்டிடறேன் டாக்டர். ஆட்டுக்கறி, முட்டை, என்ன வேணும்னாலும்..."

"ஐயோ, அதைச் செஞ்சுடாதீங்க!" கையை உயர்த்தினார். "பட்டினி கெடந்த ஒடம்புல ஒரேயடியாத் திணிச்சா அதுவே ஆளைக் கொன்னுடும். மூணு மணிக்கு ஒரு தரம் கஞ்சி, மோர், அப்பறம் பாலு. கொஞ்சம் கொஞ்சமா. குடிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு ஆளு எதிர்ல இருக்கணும், முடிச்ச பின்னாலும் அரை மணி இருக்கணும். திட்டக் கூடாது, கெஞ்சவும் கூடாது. வேலை செய்ய வுடாதீங்க. வாரம் ஒரு தடவை இங்க கூட்டிட்டு வாங்க."

"சரிங்க."

"அதெல்லாம் பாதிதான். பயம் போவாம சோறு எறங்காது. கல்யாணத்தை நிறுத்துங்க. பயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்லே."

அன்று மாலையே வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆண்டாயி சொன்னதிலிருந்து டாக்டர் சொன்னதுவரை. கேட்டுக்கொண்டே வந்தவர், கல்யாணம் என்றதும் துள்ளி எழுந்தார்.

"பரிசம் வாங்கிட்டேன்டி! ஊர் முச்சூடும் சொல்லியாச்சு. புள்ளைக்குப் பயமாம், நிறுத்தணுமாம். எந்தப் பொண்ணுதான் பயப்படலே?" என்று கத்தினார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மொதல்ல நீ சொல்லு. தையிலேருந்து எம் புள்ளைக்கு நீ என்னதான் போட்டே?"

நான் நாலு வருஷமாகப் பயந்த கேள்வி அது. ஊரில் யாரோ கேட்பார்கள் என்று காத்திருந்தேன், என் புருஷனே கேட்டுவிட்டார். வாய்க்காரியான எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போய்க் கஞ்சியைக் கரைத்தேன். செங்கமலம் இரண்டு மடக்குக் குடித்தாள், எனக்காக. மூன்றாவது மடக்கில் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "ஆனிக்கு இன்னும் எத்தனை நாள் சித்தி?" என்று கேட்டாள். பதினெட்டு நாள் இருந்தது. இவள் ஆனிக்குள் செத்துவிட முடிவு செய்திருக்கிறாள் என்று எனக்கு அப்போது பட்டது. அவளுக்கே அது தெரியாமல் இருக்கலாம், ஆனால் அவள் உடம்பு முடிவு செய்துவிட்டது.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா கிருஷ்ணம்மாள் கூறைப்புடவையின் நிறம் கேட்க வந்தாள். கூடவே உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர். வாசலில் பாய் விரித்து வெற்றிலைத் தட்டு வைத்தேன். எதிர்வீட்டுக்காரிகளும் வந்து நின்றார்கள். அவர் தூணோரமாக நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லலாமா என்று இரண்டு ராத்திரி யோசித்திருந்தேன். பெண்ணுக்கு நின்றுபோயிருக்கிறது என்று சொன்னால், ஆண்டாயியும் நானும் நினைத்ததைத்தான் ஊரும் நினைக்கும். நோய் என்று சொன்னால் இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே அவளுக்கு வாழ்வு இல்லாமல் போகும். அவள் மேல் ஒரு துரும்பு படாமல் இது நிற்க வேண்டும். படுவதற்கு அந்த வீட்டில் வேறு ஒருத்திதான் இருந்தாள்.

"பொடவை நெறமெல்லாம் வேணாங்க" என்றேன். "கல்யாணம் இப்ப இல்லே."

கிருஷ்ணம்மாள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "என்ன சொல்றே சிந்தாமணி?"

"எனக்கு ஆவணியில பிரசவம். என்னைப் பாத்துக்க, புள்ளைத் துணி அலச, ஒலை வைக்க வூட்டுல ஆளு வேணும். இவளைக் கட்டிக் குடுத்துட்டு நான் யார்கிட்டப் போயி நிக்கறது? ரெண்டு மூணு வருசத்துக்கு இவளை அனுப்ப மாட்டேன். ஒங்களுக்கு அவசரம்னா வேற எடம் பாத்துக்குங்க."

முதலில் பேசியது எதிர்வீட்டுக்காரிதான். "பாத்தியாடி, சித்திக்காரி புத்தியை! அந்தப் புள்ளை எலும்பும் தோலுமா நிக்கறப்பவே நெனச்சேன்." கிருஷ்ணம்மாள் எழுந்து என் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். "தாயில்லாப் பொண்ணை வேலைக்காரியா வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா? ஒன் வயித்துல இருக்கறது..." என்று தொடங்கி, ஏதோ நினைத்து நிறுத்திக்கொண்டாள். பரிசத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் விலகவில்லை. என் வயிற்றைப் பார்த்தாரோ, கதவோரம் நின்ற மகளைப் பார்த்தாரோ, ஓங்கிய கை அப்படியே இறங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிப் பக்கம் போய்விட்டார். அதற்குப் பிறகு வெகுநாள் என்னோடு பேசவில்லை. ஆனால் போனவர் கிருஷ்ணம்மாள் வீட்டுக்குச் சமாதானம் பேசப் போகவும் இல்லை.

தெருக்காரிகள் கலைந்ததும் நான் அடுப்படிக்கு வந்தேன். கஞ்சி நேரம் ஆகியிருந்தது. ஒரு தம்ளரில் ஊற்றி மோர் கலந்து செங்கமலத்தின் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். தம்ளரைத் தொடவில்லை.

"நெசமாவே நிறுத்திட்டீங்களா?"

"நீ எனக்குக் கல்யாணம் பண்ணி வைங்கன்னு ஒன் வாயால கேக்கற வரைக்கும் கெடையாது."

தம்ளரை எடுத்தாள். பாதி குடித்தாள். பிறகு என் வயிற்றையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஆவணியில நீங்களும் போயிட்டா?"

ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அக்கா பிரசவத்துக்கு உள்ளே போனபோதும் எல்லோரும் இந்தப் பிள்ளையிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"தெரியாதுடி" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு."

யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது, அடக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மீதிக் கஞ்சியோடு தம்ளரை என் பக்கம் மெதுவாக நகர்த்தினாள்.

"நீங்க குடிங்க சித்தி. ஒங்களுக்குத்தான் தெம்பு வேணும்."

அது பாசமா, மூன்று மாதமாகச் சோற்றைப் பசுவுக்குத் தள்ளிவிட்ட அதே தந்திரமா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. நான் தம்ளரைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன். திட்டவில்லை, கெஞ்சவில்லை. இடுப்பு வலித்தது, சுவரில் சாய்ந்துகொண்டு காலை நீட்டி உட்கார்ந்தேன். அவள் அதை முடிக்கிறவரை நான் எழுந்திருக்கப் போவதில்லை.